அறத்தொடு நிற்பவர் யார்?

1

தனிமனிதர்களுக்கு இடையிலான நேசம் பண்பாடுகளுக்கு இடையிலான பகையைக் கரைத்துவிடும், உலக சமாதானம் இரண்டு பேர் கைகோத்துக்கொள்வதில் தொடங்குகிறது என்றொரு கருத்து வெகுகாலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. சமாதான மாநாடுகளில் இதைப் பேசுகிறார்கள். நாடுவிட்டு நாடு மாணவர்களை அனுப்பும் திட்டங்களுக்கு இதுவே அடிப்படை. இடதுசாரி, பெரியாரிய, அம்பேத்கரியத் தளங்களில் இயங்குகிற நம்மிடம் இதே கருத்து வேறு வார்த்தைகளில் வருகிறது: சாதி மறுப்பு மணங்கள் பெருகினால் சாதி ஒழியும். இரண்டும் ஒரே நம்பிக்கையின் இரு வடிவங்கள்தாம். உறவு காரணம், சமாதானம் காரியம்.

நான் தருமபுரி மாவட்டத்துக்காரன். இங்கிருந்து பார்க்கையில் இந்தக் காரண காரியம் இடம் மாறித் தெரிகிறது.

2012 அக்டோபரில் நத்தம் காலனியைச் சேர்ந்த தலித் இளைஞன் இளவரசனும், பக்கத்துச் செல்லன்கொட்டாயைச் சேர்ந்த வன்னியப் பெண் ஒருவரும் மணம் செய்துகொண்டார்கள். நவம்பர் 7 அன்று பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டார். அன்று மாலையே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டும் எரிக்கப்பட்டும் போயின. உயிர்ப்பலி இல்லை என்று ஆறுதல் சொன்னார்கள். பெங்களூர் போய் உழைத்துச் சேர்த்த பண்டபாத்திரம், நகை, வண்டி, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் என்று ஒரு தலைமுறையின் முன்னேற்றம் குறிபார்த்து எரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அந்தப் பெண் தாய்வீடு சேர்ந்தார். 2013 ஜூலை 3 அன்று சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தவர், இனி இளவரசனோடு வாழப்போவதில்லை என்று சொன்னார். மறுநாள் இளவரசன் தருமபுரி அரசுக் கலைக் கல்லூரிக்குப் பின்னால் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தார். விசாரணைகள் தற்கொலை என்றன. அதை ஏற்காதவர்கள் இன்றும் பலர்.

அந்தப் பெண்ணின் பெயரை இந்தக் கட்டுரையில் எழுதப்போவதில்லை. பத்திரிகைகளும் மேடைகளும் சேர்ந்து போதுமான அளவு அந்தப் பெயரை உருட்டியாகிவிட்டது. அவர் 'மனம் மாறியது' பற்றி நம் தோழர்களில் சிலரே பேசிய பேச்சுகளையும் நான் கேட்டிருக்கிறேன். அப்பன் செத்து, மூன்று ஊர் எரிந்து, அத்தனைக்கும் நீதான் காரணம் என்று நாடே சுட்டிக்காட்டும்போது இருபது வயதுப் பெண் ஒருத்தி என்ன முடிவெடுத்திருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

என் கேள்வி வேறு. இரண்டு பேர் நேசித்தார்கள். அது உண்மை. அந்த நேசம் சமாதானத்தைக் கொண்டுவரவில்லை. அது ஏன்?

2

சமூக உளவியலில் இதற்கு ஒரு பழைய விவாதம் உண்டு. கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் தப்பெண்ணத்தின் இயல்பு பற்றி எழுதிய நூலில், பகைக் குழுக்களைச் சேர்ந்தவர்கள் ஒருவரோடொருவர் பழகினால் தப்பெண்ணம் குறையும் என்றார். இந்த ஒரு வரியைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அவர் அதோடு நான்கு நிபந்தனைகளையும் வைத்தார். பழகுகிறவர்கள் அந்தச் சூழலில் சம அந்தஸ்து உடையவர்களாக இருக்க வேண்டும். பொதுவான குறிக்கோள் வேண்டும். அதை நோக்கிய கூட்டுழைப்பு வேண்டும். சட்டமோ வழக்கமோ அதிகாரமோ அந்தப் பழக்கத்தை ஆதரிக்க வேண்டும். இந்த நான்கும் இல்லாத பழக்கம் தப்பெண்ணத்தை வளர்க்கவும் கூடும்.

எங்கள் பக்கத்து ஊரையும் காலனியையும் எடுத்துக்கொள்ளுங்கள். பழக்கத்துக்கு என்ன குறைச்சல்? ஒரே களத்துமேட்டில் வேலை, ஒரே பஸ்ஸில் பயணம், ஒரே பள்ளிக்கூடம், பெங்களூரில் ஒரே கட்டிடத்தில் சித்தாள் வேலை. 'பழக்கவழக்கமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, பொண்ணைக் கூட்டிக்கினு போனதுலதான் எல்லாம் கெட்டுப்போச்சு' என்கிற பேச்சை இந்தப் பக்கத்து டீக்கடைகளில் இன்றும் கேட்கலாம். இந்த வாக்கியத்தைச் சற்று நின்று வாசிக்க வேண்டும். 'நல்லா இருந்த' பழக்கத்துக்குள் ஓர் எல்லைக்கோடு சேர்ந்தே இருந்திருக்கிறது. கோட்டைத் தாண்டாதவரை அதன் பெயர் சுமுகம். அதைச் சமாதானம் என்று நாம் தவறாக வாசித்துவந்திருக்கிறோம்.

அசுதோஷ் வார்ஷ்னே 2002இல் வெளியான தன் ஆய்வில், கோழிக்கோடு, அலிகார், ஹைதராபாத், லக்னோ, அகமதாபாத், சூரத் ஆகிய ஆறு நகரங்களை இணை இணையாக வைத்து இந்து முஸ்லிம் கலவரங்களை ஆராய்ந்தார். கலவரத்தைத் தடுப்பதில் அண்டை வீட்டுச் சிநேகத்தைவிடத் தொழிற்சங்கம், வணிகர் சங்கம், வாசக சாலை, கட்சி என்று இரு தரப்பாரும் சேர்ந்திருக்கும் அமைப்புகளே வலுவானவை என்பது அவருடைய முடிவு. கிராமத்தில் அன்றாடப் பழக்கமே போதும், நகரத்தில்தான் அமைப்பு தேவை என்பதும் அவர் வாதத்தில் ஓர் அம்சம். இந்த இரண்டாவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் ஆராய்ந்தது மதக் கலவரத்தை. சாதி என்று வரும்போது கிராமத்தின் அன்றாடமே ஏற்றத்தாழ்வால் கட்டப்பட்டிருக்கிறது. அங்கே பழக்கம் என்பதே அதிகாரத்தின் ஒரு வடிவம்.

உலக அளவிலும் நிலைமை இதுதான். யூகோஸ்லாவியாவின் நகரங்களில், சிறப்பாகச் சரயேவோவில், செர்பியர்களும் குரோஷியர்களும் முஸ்லிம்களும் கலந்து மணந்து வாழ்ந்தார்கள். 1992இல் போர் வந்தபோது அந்தக் குடும்பங்களால் அதைத் தடுக்க முடியவில்லை. 1993 மே மாதம் முற்றுகைக்குள்ளிருந்து தப்பிக்க முயன்ற போஸ்கோ என்ற செர்பிய இளைஞனும் அட்மிரா என்ற முஸ்லிம் பெண்ணும் பாலமொன்றின் அருகே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உலகப் பத்திரிகைகள் அவர்களைச் சரயேவோவின் ரோமியோ ஜூலியட் ஆக்கின. கொழும்பில் 1983 ஜூலையில் எத்தனையோ சிங்களக் குடும்பங்கள் தமிழர்களைத் தம் வீட்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றின. அந்த நன்றி தீராதது. ஆனால் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக வந்த கும்பலை அந்த வீடுகளால் நிறுத்த முடியவில்லை. நேசம் ஆளைக் காப்பாற்றும். கும்பலை நிறுத்த வேறொன்று வேண்டும்.

3

அந்த வேறொன்று எங்கள் மண்ணில் ஒருகாலத்தில் இருந்தது. நாயக்கன்கொட்டாயில் அப்பு, பாலன் நினைவுச் சின்னம் நிற்கிறது. 1970களின் பிற்பகுதியில் இந்த வட்டாரத்தில் நக்சல்பாரி இயக்கம் கந்துவட்டிக்கும் இரட்டைக் குவளைக்கும் எதிராக வேலைசெய்தது. அந்த அமைப்பில் வன்னியரும் தலித்துகளும் சேர்ந்தே இருந்தார்கள். 1980இல் பாலன் கொல்லப்பட்டதும் போலீஸ் வேட்டையும் அந்த இயக்கத்தைச் சிதறடித்தன. அதன் வழிமுறைகள் பற்றி நமக்குள் ஆயிரம் கருத்து இருக்கலாம். இங்கே எனக்கு முக்கியமானது ஒன்றுதான். இந்தப் பகுதியில் அதற்குப் பின்னும் சாதி மறுப்பு மணங்கள் நடந்திருக்கின்றன. முணுமுணுப்பு இருந்தது, சண்டை இருந்தது. ஊர் எரியவில்லை. 2012இல் எரிந்தது.

இடையில் என்ன ஆயிற்று? பொது அமைப்பு கலைந்த இடத்தில் சாதி அமைப்பு வந்து உட்கார்ந்தது. 1980இல் வன்னியர் சங்கம், 1987இல் இட ஒதுக்கீட்டுக்கான சாலை மறியலும் துப்பாக்கிச் சூட்டில் 21 பேர் சாவும், 1989இல் பாட்டாளி மக்கள் கட்சி. அந்தப் போராட்டத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. நிலமில்லாத, படிப்பில்லாத ஏழை வன்னியருக்கு அது தேவையாகவே இருந்தது. ஆனால் பசியின் பெயரால் திரட்டப்பட்டவர்கள் பிற்பாடு மானத்தின் பெயரால் திரட்டப்பட்டார்கள். 2012 டிசம்பரில், நத்தத்தின் சாம்பல் ஆறுவதற்குள், தலித் அல்லாத சாதிகளின் கூட்டமைப்பு ஒன்று சென்னையில் கூடியது. 'நாடகக் காதல்' என்ற சொல் தமிழ்ச் சொல்லகராதியில் சேர்ந்தது. தலித் இளைஞனின் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங்கிளாஸும் குற்றப்பத்திரிகையில் ஏறின.

இந்தச் சொல்லாடலை வெறும் வெறுப்பு என்று தள்ளிவிட முடியாது. அதற்குள் ஒரு தர்க்கம் இருக்கிறது. அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையிலேயே அதை அவிழ்த்துக் காட்டிவிட்டார்: சாதி என்பது அகமணம், அகமணத்தைக் காக்கப் பெண்ணைக் காவல் காக்க வேண்டும். ஆகவே காதலிக்கும் பெண்ணுக்குச் சுயபுத்தி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் சாதியின் அஸ்திவாரம் ஆடும். 'அவள் ஏமாற்றப்பட்டாள்' என்றால் ஆடாது. நாடகக் காதல் என்ற சொல் முதலில் அழிப்பது பெண்ணின் விருப்பத்தை. தலித் இளைஞனின் வீட்டை அது அடுத்தபடியாக எரிக்கிறது.

அதே அம்பேத்கர்தான் 1936இல் கலப்பு மணமே உண்மையான மருந்து என்று எழுதினார். நம் மேடைகளில் இதைச் சொல்கிறவர்கள் அந்த உரை மேடையேறாத கதையைச் சொல்வதில்லை. அவரை லாகூருக்கு அழைத்தது ஜாத் பாத் தோடக் மண்டல். பெயரே சாதியை உடைக்கும் சங்கம். உரையின் வாசகம் கைக்கு வந்ததும் சங்கம் பயந்து மாநாட்டையே ரத்து செய்துவிட்டது. மருந்தைச் சொன்னவர் இருந்தார். பக்கத்தில் நிற்க வேண்டிய சங்கம் கழன்றுகொண்டது. நத்தத்தில் நடந்ததும் அதன் கிராமத்து வடிவம்தான் என்று எனக்குப் படுகிறது.

4

இந்தப் 'பக்கத்தில் நிற்பது' என்பதற்கு நம்மிடம் ஒரு பெயர் இருக்கிறது. தமிழ் எம்.ஏ. வகுப்பில் அது ஐந்து மதிப்பெண் கேள்வி: அறத்தொடு நிலையை விளக்குக. தலைவி தோழிக்குச் சொல்வாள், தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் தெரியப்படுத்துவாள் என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். தொல்காப்பியப் பொருளியல் இதற்கு ஏழு வகை வைத்திருக்கிறது. தலைவனை எளிமையானவனாகக் காட்டுவது, அவனைப் புகழ்வது என்று தொடங்கி, உள்ளதை உள்ளபடி உடைத்துச் சொல்வதில் அது முடிகிறது. பேச்சுவார்த்தைக்கு வகுக்கப்பட்ட இலக்கணம் என்றே இதை வாசிக்கலாம்.

அகப் பாடல்களைக் 'காதல் கவிதை' என்று சுருக்கி வாசித்து வாசித்து நாம் ஒன்றைத் தவறவிட்டிருக்கிறோம். அங்கே காதல் இரண்டு பேர் சமாச்சாரமாக எப்போதுமே இருந்ததில்லை. தோழி, செவிலி, பாணன், கண்டோர் என்று மூன்றாம் ஆட்களின் குரல் நிறைந்த உலகம் அது. உடன்போக்கில் மகளைத் தேடிப் பாலைவழியில் வரும் செவிலியை எதிர்ப்படும் அந்தணர்கள், உன் மகள் போனது அறவழிதான், திரும்பிப் போ அம்மா என்று தேற்றி அனுப்பும் பாடல் கலித்தொகையின் பாலைக்கலியில் இருக்கிறது. யாரென்றே தெரியாத வழிப்போக்கர்கள்! அவர்களுக்கு இதில் என்ன ஆதாயம்? 'அங்கதான் போறாங்க, ஓடிப் பிடி' என்று கைகாட்டியிருக்கலாம். இன்று நம் பஸ் ஸ்டாண்டுகளில் ஓடிவரும் ஜோடிகளைப் பார்க்கிற கண்கள் பெரும்பாலும் செய்வது அதைத்தான்.

குறிஞ்சிப்பாட்டை இந்த இடத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். கபிலரின் 261 அடிகளும் தோழி ஒருத்தி செவிலியிடம் பேசும் ஒரே பேச்சு, அறத்தொடு நிலை. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிப்பதற்காகக் கபிலர் இதைப் பாடினார் என்கிறது பழைய குறிப்பு. இது வரலாறா, பிற்காலத்தார் கட்டிய கதையா என்பது வேறு விவாதம். கதை என்றே வைத்துக்கொண்டாலும் அதன் அரசியல் வியப்பூட்டுகிறது. வேற்றுப் பண்பாட்டு ஆள் ஒருவன் வந்து 'தமிழ் என்றால் என்ன?' என்று கேட்கிறான். மூவேந்தர் பெருமையைச் சொல்லியிருக்கலாம், போரைச் சொல்லியிருக்கலாம். கபிலர் ஒரு பெண்ணின் விருப்பத்துக்காக இன்னொரு பெண் அவள் வீட்டாரிடம் வாதாடுவதைச் சொன்னார் என்று நம்ப விரும்பியிருக்கிறது இந்த மரபு. பண்பாடுகளுக்கு இடையே உறவு பற்றிப் பேசுகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

இப்படிச் சொன்னவுடனே சங்க காலப் பொற்காலக் கொடியைத் தூக்கிக்கொண்டு சிலர் வந்துவிடுவார்கள். அவர்களுக்கும் சேர்த்து ஒன்று சொல்லிவிட வேண்டும். இதே தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் தலைவனுக்கும் தலைவிக்கும் பத்து ஒப்புகள் கேட்கிறது. முதல் ஒப்பு பிறப்பு, அடுத்தது குடிமை. அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே தள்ளி வைக்கிறது. அதாவது, தோழி அறத்தொடு நிற்பதெல்லாம் பிறப்பொத்தவர்களுக்காகத்தான். பிறப்பு ஒக்காத இடத்தில் தோழி வாய் திறப்பாளா என்று இலக்கணம் சொல்லவில்லை. ஆக, மரபிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது தோழியை. விட்டொழிக்க வேண்டியது அந்தப் பத்தில் முதல் இரண்டை. நமக்கு வாய்த்ததோ தலைகீழ். முதல் இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு தோழியை விட்டுவிட்டோம்.

5

நம் காலத்துப் புனைவுகள் இந்த இழப்பை எப்படிப் பதிவு செய்திருக்கின்றன? இரண்டு பிரதிகளைப் பார்க்கலாம். ஒன்று நத்தத்துக்கு முன், மற்றது பின்.

இமையத்தின் 'பெத்தவன்' 2012 செப்டம்பரில் உயிர்மையில் வந்தது. இரண்டு மாதம் கழித்துத் தருமபுரி எரிந்தபோது அதை முன்கூட்டிச் சொன்ன கதை என்று பேசினார்கள். ஜோசியத்துக்கும் இலக்கியத்துக்கும் தொடர்பில்லை. ஊர்ப் பஞ்சாயத்தின் இயக்கத்தைக் கூர்ந்து பார்த்த எழுத்து எங்கே வெடிக்கும் என்று அறிந்திருந்தது, அவ்வளவுதான். தலித் இளைஞனைக் காதலிக்கும் பாக்கியத்தைக் கொன்றுவிடுவதாகத் தந்தை பழனியிடம் ஊர் வாக்குறுதி வாங்குகிறது. அவனோ இரவோடு இரவாக மகளைக் காதலனிடம் அனுப்பிவைத்துவிட்டுத் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான்.

அகமரபின் கண்ணோடு இதை வாசித்தால், தோழியும் செவிலியும் கண்டோரும் செய்ய வேண்டிய வேலை அத்தனையும் ஒரே ஆள் தலையில் விழுந்திருப்பது தெரிகிறது. அதுவும் அகப் பாடல்களில் கடைசியாகச் செய்தி போய்ச் சேரும் இடமான தந்தையின் தலையில். அவன் அறத்தொடு நிற்கிறான். ஆனால் தனியாக நிற்கிறான். அதனால் சாகிறான். இமையத்தின் பலம், ஊரை ராட்சசர்களின் கூட்டமாக ஆக்காமல் பேச்சின் வழியாக உருவாக்கியிருப்பது. ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்கிறார்கள், எல்லாம் நல்லதுக்குச் சொல்வதுபோலத்தான். அந்த வார்த்தைகளின் மொத்தம் ஒரு கொலை உத்தரவாக மாறுகிறது. சங்கப் பாடலில் அலர் மணத்தை விரைவுபடுத்தும். இங்கே சாவை விரைவுபடுத்துகிறது.

நிஜத்திலும் ஒரு தந்தை இறந்தார். கதைத் தந்தையின் சாவு மகளை வாழவைக்கிறது. நிஜத் தந்தையின் சாவு மூன்று ஊரைக் கொளுத்துவதற்கான அனுமதிச் சீட்டாக ஆக்கப்பட்டது. அவரைச் சாகும் அளவுக்குத் தள்ளிய பேச்சுகள் எவை என்று யாரும் கேட்கவில்லை. உயிரோடு இருந்தபோது அந்த மனிதருக்குப் பக்கத்தில் நின்று 'விடுப்பா, பொண்ணு நல்லா இருந்தா சரி' என்று சொல்லவும் ஆளில்லை. தலித்துகள் மட்டும் கைவிடப்பட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தத் தந்தையும் தன் சாதியாராலேயே கைவிடப்பட்டவர்தான்.

பெருமாள்முருகனின் 'பூக்குழி' 2013இல் வெளிவந்தது. இளவரசனுக்குச் சமர்ப்பிக்கப்பட்ட நாவல். சோடாக் கடையில் வேலைசெய்யும் குமரேசன், சரோஜாவை மணந்து தன் ஊருக்குக் கூட்டிவருகிறான். நாவல் முழுக்கச் சரோஜாவிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: என்ன சாதி? இந்தப் பிரதியில் தோழி என்ற இடமே காலி. தாய் மாராயி ஓயாமல் வைக்கும் ஒப்பாரி, மகன் உயிரோடு இருக்கும்போதே அவனைப் புதைத்துவிடுகிறது. இறுதியில் புதருக்குள் ஒளிந்திருக்கும் சரோஜாவைச் சுற்றித் தீ வைக்கிறார்கள். அந்த நேரத்திலும் அவள் காது குமரேசனின் சைக்கிள் சத்தத்தைத்தான் தேடுகிறது. தன்னைச் சாகடிக்க வந்த கூட்டத்துக்கு நடுவே அவள் நம்புவதற்கு அந்த ஒருவன்தான். இரண்டே பேரால் ஆன காதல் இவ்வளவு தூரம்தான் போக முடியும் என்பதை இதைவிடக் கடுமையாகச் சொல்ல முடியாது.

இந்த நாவலோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. சாதிப் பெயர் எதுவும் அதில் வருவதில்லை. அகப் பாடலில் தலைவன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது விதி. பெயர் போனால் அனுபவம் எல்லாருக்கும் பொதுவாகும். ஆனால் சாதி அனுபவம் எல்லாருக்கும் பொதுவானது அல்ல. பெயரில்லாத ஊரை வாசிக்கும் ஆதிக்க சாதி வாசகன் கண்ணீர் விட்டுவிட்டு, 'இது நம்ம ஊர் இல்லை' என்று புத்தகத்தை மூடிவிட வழி கிடைக்கிறது. சமர்ப்பணப் பக்கத்தில் இருக்கும் பெயர் அந்த வழியை ஓரளவு அடைக்கிறது. அப்படியும் முழுதாக அடைபடவில்லை.

அதே எழுத்தாளருக்கு நேர்ந்ததையும் இங்கே சேர்த்து வாசிக்க வேண்டும். 2015 ஜனவரியில் 'மாதொருபாகன்' எதிர்ப்பாளர்களின் நெருக்குதலில், தனக்குள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். அப்போது தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச. தமிழ்ச்செல்வன் உயர்நீதிமன்றம் போனார். 2016 ஜூலையில் தீர்ப்பு வந்தது. எழுத்தாளர் மீண்டும் எழுத வந்தார். ஒரு சங்கம் அறத்தொடு நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கண் முன்னால் இருக்கும் சான்று இது. எழுத்தாளனுக்குக் கிடைத்த தோழி, இளவரசனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் அந்த ஒன்பது மாதங்களில் ஏன் கிடைக்கவில்லை? கூட்டம் போட்டோம். உண்மை அறியும் குழுக்கள் வந்தன, அறிக்கைகள் வந்தன. அவர்கள் இருவரும் சாயங்காலம் போய் உட்கார்ந்து பேச ஒரு வீடு இருந்ததா? அவளுடைய அம்மாவிடம் போய்ப் பேச ஒரு பெண் இருந்தாரா? நாம் அவர்களை ஒரு கருத்தின் உதாரணமாக ஆக்கினோம். உதாரணத்துக்கு யாரும் சோறு போடுவதில்லை.

6

சட்டத்துக்கும் இந்த மூன்றாம் ஆளைத் தெரியும். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் முப்பது நாள் அறிவிப்பு ஒட்டி, ஆட்சேபிப்பவர் யார் என்று முதலில் கேட்கிறது. இந்தச் சட்டத்துக்கு மூன்றாம் ஆள் முதலில் எதிராளி. 1967இல் கொண்டுவந்து 1968 முதல் நடைமுறைக்கு வந்த சுயமரியாதைத் திருமணத் திருத்தமோ உறவினர், நண்பர், அல்லது வேறு ஆட்கள் முன்னிலையில் மணம் செய்துகொண்டால் போதும் என்கிறது. இங்கே மூன்றாம் ஆள் சாட்சி. பெரியார் இயக்கத்து மணமேடைகளில் புரோகிதரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கூட்டத்தை வைத்தார்கள் என்பதன் ஆழம் இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், இத்தகைய மணத்துக்குப் பொது அறிவிப்பு கட்டாயமில்லை என்றது. குடும்ப மிரட்டலுக்கு ஆளானவர்களால் ஊரறியச் செய்ய முடியாமல் போகலாம், வழக்கறிஞரும் ஒரு நண்பராக நின்று மணத்தை நடத்திவைக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. களவைச் சட்டம் ஏற்றுக்கொண்டது என்று சொல்லலாம். ஆனால் களவு கற்பாக மாறுவதற்கு ஊர் வேண்டுமே, அதைத் தீர்ப்பு எழுதித் தர முடியாது. 2018இல் அதே நீதிமன்றம் மாவட்டந்தோறும் தனிப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்றது. அவற்றின் முகவரி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்கள் மாவட்டத்தின் இன்னொரு மூலையையும் பார்க்க வேண்டும். அரூர்ப் பக்கம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. மலையாளிப் பழங்குடிகளும் லம்பாடிகளும் வாழும் இடம். 1993 வாக்கில் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற இரு மருத்துவர்கள் வந்து ஒரு குடிசையில் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். வெளியூர் ஆட்கள், வேறு பேச்சு, வேறு பழக்கம். அவர்கள் செய்த முக்கியமான காரியம் அந்த மலைப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்தது. பிறகு விவசாயிகள் சங்கம் வந்தது. மறந்துபோய்க்கொண்டிருந்த தம் எம்பிராய்டரியை லம்பாடிப் பெண்கள் 'போர்கை' என்ற கூட்டமைப்பின் வழி மீட்டார்கள். அந்த மொழியில் அதற்குப் 'பெருமை' என்று பொருள். ஆல்போர்ட் கேட்ட பொதுக் குறிக்கோளும் கூட்டுழைப்பும் இங்கே இருக்கின்றன. உறவு ஓர் அமைப்பாக உறைந்தது. அதனால் முப்பது ஆண்டு நின்றது.

வாச்சாத்தியும் இதே மாவட்டம்தான். 1992 ஜூனில் அரசுப் படை அந்த மலையாளி ஊரைச் சூறையாடி 18 பெண்களை வன்புணர்ந்தது. 2011இல் உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்களும் அந்தப் பெண்களோடு விடாமல் நின்றிராவிட்டால் வழக்கு முதல் வாய்தாவிலேயே செத்திருக்கும். அந்தப் பெண்களுக்கும் அவர்களுக்கும் ரத்த உறவு இல்லை, மண உறவு இல்லை. கூடவே நின்றார்கள்.

ஆகவே நான் சொல்ல வருவது காதலுக்கு எதிரான வாதமல்ல. இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வு 2011-12இல் எடுத்த கணக்குப்படி சாதி கடந்த மணங்கள் நூற்றுக்கு ஐந்து அளவில்தான் இருக்கின்றன. அந்த ஐந்தும் இன்னும் பெருக வேண்டும். ஆனால் இளைஞர்களைப் பார்த்து 'நீங்கள் காதலியுங்கள், சாதி ஒழியும், உலகம் அமைதியாகும்' என்று சொல்வது, ஒரு சமூகம் செய்ய வேண்டிய வேலையை இரண்டு பேர் தலையில் கட்டுவது. அவர்கள் தோற்றால் தியாகி என்போம், பிரிந்தால் துரோகி என்போம். சமாதானத்தை உண்டாக்கும் பொறுப்பு காதலர்களுடையது அல்ல. அவர்கள் சும்மா காதலிக்கட்டும், குழந்தை பெறட்டும், சண்டை போடட்டும், சரிவராவிட்டால் எரியாமல் பிரியவும் செய்யட்டும். இதெல்லாம் சாதாரணமாக நடக்கிற இடத்துக்குத்தான் சமாதானம் என்று பெயர்.

தோழர்களின் விவாதத்துக்குச் சில கேள்விகளை வைக்கிறேன். நம் ஒவ்வோர் ஊரிலும், ஓடிவரும் ஜோடிக்கு முதல் இரவு கதவு திறக்கும் வீடு எது? பெண்ணின் தாய்தந்தையரிடம், அவர்கள் சாதியைச் சேர்ந்த ஒருவராகவே போய்ப் பேசக்கூடிய ஆள் நம் அமைப்பில் யார்? இந்த வேலையைத் தலித் தோழர்களால் செய்ய முடியாது. அவர்களிடம் எதிர்பார்ப்பதும் அநியாயம். இடைநிலைச் சாதிகளில் பிறந்து முற்போக்கு பேசுகிற நாம்தான் நம் சொந்த வீட்டுத் திண்ணையில் வாய் திறக்க வேண்டும். மேடையில் பேசுவது சுலபம். சித்தப்பாவிடம் பேசுவதுதான் கஷ்டம். குறிஞ்சிப்பாட்டுத் தோழி பேசியது சபையில் அல்ல, வீட்டுக்குள்.